ஒரே நாளில் இரண்டு முட்டி... உடம்பு தாங்குமா?

மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும் வீடுகளில் தவறாமல் எழும் கேள்வி, 'ரெண்டையும் சேர்த்தே முடிச்சுடலாமா?' என்பதுதான். பெரும்பாலும் எக்ஸ்ரேயைப் பார்த்தே அதற்குப் பதில் சொல்லிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது இதயத்தையும் நுரையீரலையும்!

2000-ம் ஆண்டு அக்டோபர் 10. மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் பிரதமர் வாஜ்பாயின் இடது முழங்கால் மூட்டை மாற்றினார்கள். அதற்காக நியூயார்க்கிலிருந்து வந்திருந்தவர் டாக்டர் சித்தரஞ்சன் ரணாவத். இந்தியாவில் பிறந்து, செயற்கை முழங்கால் மூட்டின் வடிவமைப்பிலேயே பங்காற்றிய அறுவை சிகிச்சை நிபுணர். வலது முட்டியிலும் கோளாறு இருக்கத்தான் செய்தது. ஆனால், அதற்கான ஆபரேஷன் நடந்தது எட்டு மாதம் கழித்து, 2001 ஜூன் 7 அன்று. அதே மருத்துவமனை, அதே டாக்டர். அப்போது வாஜ்பாய்க்கு வயது 76.

இன்று அதே வயதில் இருக்கும் ஒருவர் நம் ஊர் மருத்துவமனை ஒன்றுக்குப் போனால், இரண்டு முட்டியையும் ஒரே நாளில் மாற்றிக்கொள்ளும் யோசனை அவர் காதில் விழ நிறையவே வாய்ப்பு உண்டு. பல சமயம் அதை முதலில் சொல்வது டாக்டர்கூட இல்லை, நோயாளிதான். "இன்னொரு தடவை கத்தி வைக்க என்னால ஆகாது டாக்டர். ஒரேயடியா ரெண்டையும் பண்ணிடுங்க" என்பார் அம்மா. "எனக்கு லீவு மூணு வாரம்தான். அதுக்குள்ள முடிஞ்சா நல்லது" என்பார் வெளிநாட்டிலிருந்து வந்த மகன். "பக்கத்து வீட்டு அக்கா ரெண்டும் ஒண்ணாத்தான் பண்ணிக்கிட்டாங்க. நாலாம் நாளே வாக்கர் பிடிச்சு நடந்தாங்க" என்பார் மருமகள்.

மூவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. பக்கத்து வீட்டு அக்கா நடந்ததும் நிஜம்தான். இந்தியாவில் ஆயிரக்கணக்கானவர்கள் இப்படி இரண்டு முட்டியையும் ஒன்றாக மாற்றிக்கொண்டு நலமாக இருக்கிறார்கள். ஆனால், பக்கத்து வீட்டு அக்காவின் இதயமும் நம் அம்மாவின் இதயமும் ஒன்றா என்பதை யார் பார்த்தது? அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

மேஜையில் நடப்பது என்ன?

'மூட்டை மாற்றுகிறார்கள்' என்றதும் முழு முட்டியையும் கழற்றி எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்துவதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நடப்பது மேற்பரப்பைச் செதுக்கி உறை போடும் வேலை. முட்டியின் முன்பக்கம் நீளவாக்கில் கீறி, முட்டிச்சில்லை ஓரமாக ஒதுக்குவார்கள். தொடை எலும்பின் அடிமுனையையும், கணுக்கால் பக்கம் போகும் பெரிய எலும்பின் மேல்முனையையும் சில மில்லிமீட்டர் கனத்துக்கு ரம்பத்தால் அறுத்தெடுப்பார்கள். மேலே கோபால்ட் குரோமியம் கலந்த உலோக உறை, கீழே உலோகத் தட்டு, இரண்டுக்கும் நடுவே பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். உலோகப் பகுதிகளை எலும்பு சிமென்ட் பிடித்து நிறுத்தும். ஒரு முட்டிக்கு ஏறத்தாழ ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம்.

எலும்பை எந்தக் கோணத்தில் அறுப்பது என்பது இதில் முக்கியம். அதிகம் கோணினால் புது மூட்டு சீக்கிரம் தேய்ந்துவிடக்கூடும். அந்தக் கோணத்தைப் பிடிக்கக் காலங்காலமாகக் கையாளும் வழி, தொடை எலும்பின் அடியில் துளை போட்டு, உள்ளே இருக்கும் குழாய்க்குள் நீளமான உலோகக் கம்பியைச் செலுத்துவது. அந்தக் குழாய் காலியாக இருப்பதில்லை. கொழுப்பும் மஜ்ஜையும் நிறைந்து கிடக்கும். கம்பி நுழையும்போது உள்ளே அழுத்தம் ஏறும். கொழுப்புத் துளிகளும் மஜ்ஜைத் துணுக்குகளும் எலும்பைச் சுற்றியுள்ள ரத்தநாளங்களுக்குள் தள்ளப்படும்.

ரத்தம் பாய்ந்து தியேட்டரை நனைக்காமல் இருக்க, தொடையில் காற்றடைத்த பட்டையை இறுக்கிக் கட்டுவது பல இடங்களில் வழக்கம். 'டோர்னிக்கெட்' என்பார்கள். வேலை முடிந்து அதைத் தளர்த்தியதும், அதுவரை காலில் தேங்கி நின்ற ரத்தம் மேலே ஏறும். அந்த நேரத்தில் உணவுக்குழாய் வழியாகக் கருவி விட்டு இதயத்தை எக்கோவில் பார்த்த ஆய்வுகள் உண்டு. இதயத்தின் வலப்பக்க அறைகளுக்குள் வெள்ளைப் புள்ளிகள் சாரல் அடிப்பதுபோல் வந்து விழுவது திரையில் தெரியும். கொழுப்பு, மஜ்ஜை, நுண்ணிய ரத்தக்கட்டிகள். அடுத்து அவை போய்ச் சேருமிடம் நுரையீரல்.

ஒரு முட்டி என்றால் இந்தச் சாரல் ஒருமுறை. பெரும்பாலானவர்களின் நுரையீரல் சத்தமில்லாமல் சமாளித்துவிடும். இரண்டு முட்டி என்றால், முதல் சாரலை நுரையீரல் வடிகட்டி முடிப்பதற்குள் இரண்டாவது வந்துவிடும். ஒரே நாளில் இரண்டு என்பதன் அடிப்படை ஆபத்து இதுதான். முட்டி என்னவோ இரண்டு. ஆனால், இரண்டின் சுமையையும் தாங்க வேண்டிய இதயம் ஒன்றுதான்.

சுமை எங்கெல்லாம் விழுகிறது?

முதலில் நுரையீரல். கொழுப்புத் துணுக்குகள் அங்குள்ள நுண்ணிய ரத்தநாளங்களை அடைத்துக்கொண்டால் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு இறங்கும். மூச்சுத் திணறல், குழப்பமான பேச்சு, சிலருக்கு நெஞ்சிலும் அக்குளிலும் சிவப்புப் புள்ளிகள் என ஒன்று முதல் மூன்று நாளுக்குள் இது வெளிப்படும். ஏற்கெனவே ஆஸ்துமாவோ நாள்பட்ட நுரையீரல் நோயோ இருப்பவருக்கு இதைத் தாங்கும் சக்தி குறைவு.

அடுத்து இதயம். நுரையீரலில் அடைப்பு ஏற ஏற, இதயத்தின் வலப்பக்கம் அதிக அழுத்தத்தோடு ரத்தத்தைத் தள்ள வேண்டியிருக்கும். அதே நேரத்தில் உடலில் ரத்தமும் குறைந்துகொண்டிருக்கும். முட்டி ஆபரேஷனில் கண்ணுக்குத் தெரியும் ரத்தப்போக்கு பாதிக்கதைதான். மீதி, தையல் போட்ட பிறகும் தசைகளுக்குள் கசிந்துகொண்டே இருக்கும். அதையும் சேர்த்தால் ஒரே முட்டிக்கு இழப்பு ஒரு லிட்டரைத் தொட்டுவிடக்கூடும். இன்று டிரானெக்சாமிக் அமிலம் என்ற மருந்து இந்தப் போக்கை நன்றாகவே குறைத்திருக்கிறது. ஆனாலும், இரண்டு முட்டி என்றால் ரத்தம் ஏற்ற வேண்டிய வாய்ப்பு கூடத்தான் செய்கிறது. நம் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. மூட்டு மாற்றிக்கொள்ள வருபவர்களில் பெரும்பான்மையும் பெண்கள்தான். ஹீமோகுளோபின் பத்தில் இருப்பவர் ஒரே நாளில் இரண்டு முட்டிக்கான ரத்தத்தை இழந்தால், இதயத்தசைக்குப் போகும் ஆக்சிஜன் எவ்வளவு மிஞ்சும்? வெளியே தெரியாமல் இதயக்குழாயில் அடைப்பு வைத்திருப்பவருக்கு மாரடைப்பு வர இது போதும்.

மூன்றாவது, ரத்தக்கட்டி. அசையாமல் கிடக்கும் காலின் ஆழத்து ரத்தநாளத்தில் ரத்தம் உறைந்து, அது பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. இது மருத்துவமனையில் இருக்கும்போதுதான் வரும் என்றில்லை. டிஸ்சார்ஜ் ஆகிச் சில வாரங்கள் வரை வரலாம்.

நான்காவது, மூளை. பெரியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இதயத்தின் இரண்டு மேல் அறைகளுக்கு நடுவே, கருவில் இருந்த சிறு வழி முழுதாக மூடாமல் இருக்கும். வாழ்நாள் முழுக்க அது தெரியாமலேயே போகலாம். ஆனால், வலப்பக்கம் அழுத்தம் ஏறும்போது துணுக்குகள் அந்த வழியாக இடப்பக்கம் தாவி மூளைக்குப் போக வழியுண்டு. பக்கவாதம் அரிது. வயதானவர்களுக்கு வரும் தற்காலிக மனக்குழப்பம் அவ்வளவு அரிதில்லை. ஆபரேஷன் முடிந்த இரவு, "என்னை ஏன் இங்கே கட்டிப்போட்டிருக்கீங்க?" என்று பெற்ற மகளையே அடையாளம் தெரியாமல் பார்க்கும் தாயைக் கண்டு மிரண்டுபோகும் குடும்பங்கள் உண்டு. பெரும்பாலும் சில நாளில் தெளிந்துவிடும்.

ஐந்தாவது, சிறுநீரகம். ரத்த அழுத்தம் இறங்குவது, ரத்த இழப்பு, அதோடு வலி மாத்திரைகள். சர்க்கரை நோயால் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் சிறுநீரகத்துக்கு இந்த மூன்றும் ஒரே நாளில் வந்து சேர்கின்றன.

நோயாளிகளிடம் யாரும் அதிகம் பேசாத இன்னொன்றும் இருக்கிறது. இப்போதெல்லாம் வலி தெரியாமல் இருக்க முட்டியைச் சுற்றி மரத்துப்போகும் மருந்தை நிறைய ஊசியில் போடுகிறார்கள். உடம்பு எடைக்கு ஏற்ப அந்த மருந்துக்கு உச்ச அளவு உண்டு. தாண்டினால் இதயத் துடிப்பையே குலைத்துவிடும். இரண்டு முட்டி என்பதற்காக அந்த உச்ச அளவு இரண்டு மடங்காகாது. இருப்பதைத்தான் இரண்டுக்கும் பங்கு போட வேண்டும்.

எண்கள் என்ன சொல்கின்றன?

2007-ல் அமெரிக்க எலும்பு, மூட்டு அறுவை சிகிச்சை இதழில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. அதுவரை வெளிவந்த ஆய்வுகளிலிருந்து 27,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்திருந்தார்கள். ஒரே மயக்கத்தில் இரண்டு முட்டியையும் மாற்றியவர்களுக்கு நுரையீரல் அடைப்பு வரும் வாய்ப்பு 1.8 மடங்கு, இதயச் சிக்கல் சுமார் இரண்டரை மடங்கு, மரணம் 2.2 மடங்கு என்று அது சொன்னது. 2008-ல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வில், மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் ஒரு முட்டி மாற்றியவர்களில் 0.3 சதவிகிதம், இரண்டையும் மாற்றியவர்களில் 0.5 சதவிகிதம். சிக்கல்கள் முறையே 8.2, 12.2 சதவிகிதம்.

'ஆயிரத்துக்கு மூன்று, ஆயிரத்துக்கு ஐந்து... இதற்கா இவ்வளவு பயம்?' என்று கேட்கலாம். மொத்த எண்ணிக்கையில் ஆபத்து குறைவு என்பது உண்மைதான். ஒரே நாளில் இரண்டையும் செய்யும் டாக்டர்கள் வைக்கும் வாதம் இதைவிடக் கூர்மையானது: "ஒரு முட்டிக்கு மூன்று என்றால், தனித்தனியாக இரண்டு தடவை செய்தால் ஆறு ஆகிறதே? அதற்கு இந்த ஐந்து மேல் அல்லவா?"

கேட்டால் சரி என்றே படும். ஆனால் கணக்கில் இரண்டு ஓட்டைகள். ஒன்று, இரண்டையும் ஒன்றாகச் செய்துகொண்டவர்கள் சராசரியாக வயதில் இளையவர்கள், மற்ற நோய்கள் குறைவாக உள்ளவர்கள். டாக்டர்கள் பொறுக்கியெடுத்து அனுப்பியவர்கள். அப்படிப் பொறுக்கியெடுத்தும் அவர்களுக்குத்தான் சிக்கல் அதிகம். இரண்டு, ஒவ்வொன்றாகச் செய்யும்போது முதல் ஆபரேஷனே ஒரு சோதனை ஓட்டமாகிவிடுகிறது. அதில் இதயம் தடுமாறினால் இரண்டாவதை நிறுத்திவிடலாம், தள்ளிப்போடலாம், இதயத்துக்கு வைத்தியம் பார்த்துவிட்டு வரலாம். ஒரே நாளில் செய்பவருக்கு அந்த வாய்ப்பு சில நிமிடங்கள்தான்.

இந்த ஓட்டைகளை அடைத்துக்கொண்டு ஒப்பிட முயன்றது 2011-ல் வெளியான கலிபோர்னியா ஆய்வு. முதல் முட்டிக்குப் பிறகு சிக்கலாகி இரண்டாவதற்கு வராமல் போனவர்களையும் அது கணக்கில் எடுத்தது. கிடைத்த முடிவு இரு தரப்புக்கும் முழுத் திருப்தி தராது. ஒரே நாளில் செய்தவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு 1.6 மடங்கு, நுரையீரல் அடைப்பு 1.4 மடங்கு. மரணத்திலும் பக்கவாதத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. மூட்டில் பெரிய அளவிலான கிருமித்தொற்றோ ஒரே நாளில் செய்தவர்களுக்குக் குறைவு!

ஆக, ஒரே நாளில் செய்வதே தப்பு என்று எண்கள் சொல்லவில்லை. அந்தச் சுமை இதயத்திலும் நுரையீரலிலும் விழுகிறது, அவை பலமாக இருப்பவர்களுக்கு மட்டுமே அது ஏற்றது என்றுதான் சொல்கின்றன.

பிறகு ஏன் செய்கிறார்கள்?

நியாயமான காரணங்கள் இருக்கின்றன. ஒரே மயக்கம், ஒரே படுக்கை, ஒரே பிசியோதெரபி. இரண்டு கால்களும் மோசமாக வளைந்துபோனவருக்கு இது மருத்துவரீதியாகவே அவசியப்படலாம். இரு முட்டியும் மடங்கியே கிடக்கும் ஒருவருக்கு ஒன்றை மட்டும் நிமிர்த்தினால், அந்தக் கால் நீளமாகவும் மற்றது குட்டையாகவும் தெரியும். புது முட்டியை முழுக்க நீட்டி நடக்க முடியாது. நடந்து பழகாவிட்டால் அதுவும் மடங்கியே இறுகத் தொடங்கும். முடக்குவாதத்தால் நடுவயதிலேயே இரண்டு மூட்டும் அழிந்தவர்களுக்கும் இது பொருந்தும்.

பணமும் ஒரு காரணம். 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை முட்டிகளுக்கு உச்சவரம்பு கொண்டுவந்தது. அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு அப்போது வைத்த விலை 54,720 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. டைட்டானியம் போன்ற சிறப்பு உலோகங்களுக்கு 76,600 ரூபாய். அதற்கு முன் ஒன்றரை லட்சம், இரண்டரை லட்சம் என்று போய்க்கொண்டிருந்த இம்பிளான்ட் விலை சரசரவென இறங்கியது. ஆனால், தியேட்டர் கட்டணம், டாக்டர் கட்டணம், அறை வாடகை ஆகியவற்றுக்கு இந்த வரம்பு கிடையாது. இரண்டையும் ஒன்றாகச் செய்தால் அவற்றில் ஒரு பகுதி மிச்சம். 'ரெண்டு முட்டிக்கும் சேர்த்து பேக்கேஜ்' என்று மருத்துவமனை சொல்லும்போது, நடுத்தரக் குடும்பம் மனக்கணக்குப் போடத்தான் செய்யும்.

ஓய்வூதியதாரர்களுக்கு இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும் தேதி, மகனுக்கு விமான டிக்கெட், மகளுக்குப் பிள்ளையின் பரீட்சை என இன்னும் பல கணக்குகள் சேர்ந்துகொள்ளும். எல்லாம் நிஜமான கஷ்டங்கள்தான். ஆனால், இவற்றில் ஒன்றுகூட எக்கோ ரிப்போர்ட்டில் வராது.

இரண்டு நாள் இடைவெளி பாதுகாப்பா?

"ஒரே நாளில் வேண்டாம். திங்கட்கிழமை ஒன்று, வியாழக்கிழமை ஒன்று. ஒரே அட்மிஷன்" என்று நடுவழி சொல்லும் மருத்துவமனைகளும் உண்டு. கேட்க நிதானமான யோசனையாகத் தெரியும். ஆனால், இது உண்மையிலேயே பாதுகாப்பு என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. ஒரே அட்மிஷனில் நாள் பிரித்துச் செய்தவர்களை அமெரிக்காவில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, சிக்கல்கள் குறைந்தபாடில்லை. காரணம் யூகிக்கக்கூடியதே. முதல் ஆபரேஷனுக்குப் பிறகு மூன்றாம் நாள்தான் உடம்பில் அழற்சி உச்சத்தில் இருக்கும், ரத்தம் உறையும் தன்மை கூடியிருக்கும், ஹீமோகுளோபின் இறங்கிக்கொண்டிருக்கும். அந்த நேரம் பார்த்து இரண்டாவது மயக்கம்.

2013-ல் வெளியான நிபுணர் குழுவின் கருத்தொருமிப்பு அறிக்கை, ஒன்றாகச் செய்ய முடியாதவர்களுக்கு இரண்டுக்கும் நடுவே குறைந்தது மூன்று மாதம் இருப்பது நல்லது என்றது. செயற்கை முட்டிகளில் 82 சதவிகிதம் 25 ஆண்டு தாக்குப்பிடிப்பதாக 2019-ல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு கணித்தது. கால் நூற்றாண்டு உழைக்கப்போகும் பொருளுக்கு மூன்று மாதம் பொறுப்பது பெரிய விஷயமா?

காத்திருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. மூட்டு மாற்றியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு முழுத் திருப்தி கிடைப்பதில்லை. வலி மிச்சம் இருக்கும், எதிர்பார்த்த அளவுக்கு மடக்க வராது. முதல் முட்டி எப்படி அமைகிறது என்று பார்த்துவிட்டு இரண்டாவதைத் தீர்மானிக்கும் வசதி, ஒவ்வொன்றாகச் செய்பவருக்கு மட்டும்தான். ஒரு கால் சரியானதும் மறு காலின் மீது விழும் சுமை குறைந்து, 'இப்போதைக்கு இதுவே போதும்' என்று நிறுத்திக்கொள்பவர்களும் இருக்கிறார்கள்.

யார் யோசிக்கவே கூடாது?

ஒரே நாளில் இரண்டு முட்டி செய்வதில் அனுபவமுள்ள மருத்துவமனைகள், யாருக்கெல்லாம் செய்யக் கூடாது என்று பட்டியல் வைத்திருக்கின்றன. பொதுவாக அதில் இடம்பெறுபவர்கள்:

● 75 வயதைத் தாண்டியவர்கள்.

● மாரடைப்பு வந்தவர்கள், இதயக்குழாய் அடைப்பு உள்ளவர்கள், இதயத்தின் பம்ப் செய்யும் திறன் குறைந்தவர்கள்.

● நாள்பட்ட நுரையீரல் நோய், நுரையீரல் ரத்தநாளங்களில் உயர் அழுத்தம், தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் பிரச்னை கடுமையாக உள்ளவர்கள்.

● கட்டுப்படாத சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள்.

● பக்கவாதம் வந்தவர்கள், முன்பு காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி ஏற்பட்டவர்கள்.

● மிக அதிக உடல் பருமன் உள்ளவர்கள்.

இந்தப் பட்டியலைத் தமிழ்நாட்டில் மூட்டு மாற்றக் காத்திருக்கும் வரிசையில் நின்று வாசித்தால் பாதிப்பேர் கை தூக்குவார்கள். முட்டி தேய்ந்தவர் பல வருடமாக நடப்பதைக் குறைத்திருப்பார். நடக்காததால் எடை கூடும், எடையால் சர்க்கரை ஏறும். நடக்காததால் இன்னொரு மறைமுக ஆபத்தும் உண்டு. நெஞ்சுவலி என்பது வேகமாக நடக்கும்போதும் படி ஏறும்போதும்தானே தெரியும்? படியே ஏறாதவருக்கு இதய அடைப்பு இருப்பது எப்படித் தெரியும்? 'அம்மாவுக்கு ஹார்ட்ல ஒண்ணும் இல்லை' என்று குடும்பம் உறுதியாக நம்பும். அந்த இதயத்தை யாரும் சோதித்துப் பார்த்திருக்கவே மாட்டார்கள். ஈ.சி.ஜி. ஒன்று எடுத்து, 'நார்மல்' என்று அனுப்பிவிடுவது இவர்களுக்குப் போதாது. இதய நிபுணர் பார்த்து, எக்கோ எடுத்து, தேவைப்பட்டால் மருந்து கொடுத்து இதயத்தை வேகப்படுத்திப் பார்க்கும் சோதனையும் செய்ய வேண்டும்.

'ரோபோ வைத்துச் செய்கிறோம், பயமில்லை' என்றும் சொல்வார்கள். ரோபோ, கம்ப்யூட்டர் நேவிகேஷன் இரண்டிலும் தொடை எலும்புக் குழாய்க்குள் கம்பி விடும் வேலை இல்லை. அந்த அளவுக்குக் கொழுப்புத் துணுக்குகள் குறைய வாய்ப்புண்டு. ஆனால் ரத்த இழப்பும், மயக்க நேரமும், ரத்தக்கட்டி அபாயமும், சிமென்ட்டும் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கின்றன. ரோபோ, எலும்பை நேராக அறுக்க உதவும். இதயத்துக்கு அதனிடம் வைத்தியம் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு

ஒரு முட்டி மாற்றியவருக்கு ஊன்றி எழ மற்றொரு கால் இருக்கும், அது வலிக்கிற காலாகவே இருந்தாலும். இரண்டையும் மாற்றியவருக்கு ஊன்றக் காலே இல்லை. முதல் பத்து நாள் கைகளும் தோளும்தான் கால். தோளில் வலி உள்ளவர்கள், மணிக்கட்டில் வாதம் உள்ளவர்கள் வாக்கரை அழுத்திப் பிடிக்க முடியாமல் திணறுவார்கள்.

அம்மா கட்டிலிலிருந்து எழுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டில் முட்டி உயரத்துக்குக் கீழே இருந்தால், இரண்டு முட்டியையும் நன்றாக மடக்காமல் எழ முடியாது. மடக்கினால் தையல் இழுக்கும். ஒருவர் அக்குளில் கை கொடுக்க, இன்னொருவர் வாக்கரை அசையாமல் பிடிக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு பாத்ரூம் போகவும் அதே இரண்டு பேர். வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாத வீடு, மாடி வீடு, வாசலில் மூன்று படி உள்ள வீடு என்றால் இன்னும் சிரமம். ஆபரேஷனுக்கு முன்பே கட்டில் காலுக்குக் கட்டை கொடுத்து உயர்த்துவது, டாய்லெட்டின் மேல் வைக்கும் உயரமான இருக்கை வாங்குவது, கைப்பிடி அடிப்பது ஆகியவற்றை முடித்துவிட வேண்டும். மூன்று வார லீவில் வந்த மகன் கிளம்பிய பிறகு வீட்டில் யார் இருப்பார்கள் என்பதையும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, கெண்டைக்காலில் வீக்கத்தோடு வலி, காய்ச்சல், தையலில் நீர் கசிவது, திடீர்க் குழப்பம்... இவற்றில் எது வந்தாலும் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று இருக்கக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை டாக்டர் சொன்ன நாள்வரை விடாமல் போட வேண்டும். 'வலி இல்லையே' என்று நடுவில் நிறுத்துவது பலரும் செய்யும் தவறு.

தேதி குறிக்கும் முன் கேளுங்கள்

● எனக்கு இரண்டையும் ஒன்றாகச் செய்யலாம் என்பதை முட்டியைப் பார்த்து முடிவு செய்தீர்களா, இதயத்தையும் நுரையீரலையும் சோதித்துவிட்டா?

● மயக்கவியல் நிபுணர் என்னை எப்போது பார்ப்பார்? முந்தைய நாள் இரவு வந்து கையெழுத்து வாங்கினால் போதாது. தேதி குறிக்கும் முன்பே அவர் கருத்து வேண்டும்.

● இங்கே ஐ.சி.யூ., ரத்த வங்கி, இரவில் இதய நிபுணர், மூன்று வசதியும் இருக்கின்றனவா?

● என் ஹீமோகுளோபின், சர்க்கரையின் மூன்று மாத சராசரி எவ்வளவு? அவற்றைச் சரிசெய்ய எத்தனை வாரம் தள்ளிப்போடலாம்?

● இரண்டு டாக்டர் குழுக்கள் ஒரே நேரத்தில் செய்வார்களா, ஒரே குழு ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யுமா?

கடைசிக் கேள்விக்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும்போது, முதல் முட்டி முடிந்து இரண்டாவதைத் தொடும் முன் ஓர் இடைவெளி கிடைக்கும். அப்போது ரத்த அழுத்தம், ஆக்சிஜன், ரத்த இழப்பு மூன்றையும் பார்த்து, 'போதும், இதோடு நிறுத்துங்கள்' என்று சொல்லும் அதிகாரம் மயக்கவியல் நிபுணருக்கு இருக்க வேண்டும். நல்ல மருத்துவமனைகளில் இருக்கிறது. ஆனால், 'ரெண்டும் சேர்த்து' என்று பேக்கேஜுக்குப் பணம் கட்டிவிட்டு வெளியே குடும்பம் காத்திருக்கும்போது, அந்த ஒற்றைச் சொல்லைச் சொல்வது அவருக்கு எளிதில்லை.

அதை எளிதாக்குவது குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும்போதே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்: "முதல் முட்டியோட நிறுத்த வேண்டியிருந்தா தயங்காம நிறுத்திடுங்க டாக்டர். நாங்க ஒண்ணும் கேட்க மாட்டோம். ரெண்டாவதை அப்புறம் பார்த்துக்கலாம்." அப்படி நின்றால் பணம் எவ்வளவு திரும்பி வரும் என்பதையும் பில்லிங் கவுன்ட்டரில் எழுதி வாங்கிவிடுங்கள். இந்த இரண்டையும் சொல்ல மனம் வரவில்லை என்றால், அந்த வீடு இன்னும் ஒரே நாளில் இரண்டு முட்டிக்குத் தயாராகவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.